பித்தளைக் கைவேல், மணல் வார்ப்பு: ஊசித்துளை, கழுத்தில் குழி, நிரம்பாத முனை

மோல்மேன்_கைவினை:

எல்லாருக்கும் வணக்கம், மியான்மரின் மோல்மேன் ஊரிலிருந்து எழுதுகிறேன். 18 செ.மீ. நீளத்தில் ஒரு பித்தளைக் கைவேலை வீட்டிலேயே மணல் அச்சில் வார்க்கப் பார்க்கிறேன். இலை 9 செ.மீ. நீளம், அகலமான இடத்தில் 6 செ.மீ. ஓரம் 2 மி.மீ., நடு முதுகு 6 மி.மீ. இலைக்குக் கீழே 18 மி.மீ. விட்டத்தில் உருளைத் தண்டு, அதுவும் 9 செ.மீ. அடியில் மரக்கோல் செருகத் துளை வேண்டும். இப்போது தண்டைக் கெட்டியாக வார்த்துவிட்டுப் பிறகு டிரில் போடுவதாக ஏற்பாடு. இலையில் 'ஓம்' எழுத்து புடைத்து நிற்க வேண்டும்.

பேட்டர்ன் (மணலில் பதிக்கும் மாதிரி) தேக்கு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. பெட்டி 30×20 செ.மீ., மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி இரண்டும் 7.5 செ.மீ. ஆழம். மணல் செட்சே கடற்கரை மணல், கொசுவலையில் சலித்தது. அதில் சட்டிப் பானைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றிப் பிசைந்திருக்கிறேன். தண்ணீர் கைக்கணக்கு. உருக்குவது பழைய தண்ணீர்க்குழாய்ப் பித்தளை. கரி உலை, ஹேர் டிரையர் காற்று, ஒன்றரைக் கிலோ கொள்ளும் கிராஃபைட் மூசை (உருக்கும் குவளை). தண்டின் அடிமுனையிலிருந்து ஊற்றுகிறேன்.

வார்ப்பில் நான்கு குறை: இலை முழுக்க ஊசித்துளை, இலையும் தண்டும் சேரும் கழுத்தில் ஆழமான குழி, வேலின் கூர்முனை நிரம்பாமல் மழுங்கி நிற்பது, சுற்றிலும் இரண்டு பெட்டியும் சேரும் பிரிகோட்டில் ஒரு மி.மீ. தகடு. எழுத்தும் பாதி கரைந்துபோய் வருகிறது. இங்கே விடாத மழை. வாடைக்காலம் வரும்வரை நிறுத்திவைப்பதா, இப்போதே சரிசெய்ய வழி உண்டா?

பகோ_உலை:

தம்பி, மழையிலும் வார்க்கலாம். நாலு குறைக்கும் நாலு காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் மழைமேல் போட்டால் ஒன்றுகூடத் தீராது.

முதலில் அந்தத் துளைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உட்சுவர் வழவழப்பாக, உருண்டையாக, மினுங்கினால் அது வாயு. சொரசொரப்பாக, கிளைகிளையாகப் பரல் தெரிந்தால் அது உலோகம் இறுகும்போது சுருங்கி இழுத்த குழி. ஓரம் கந்தலாக, உள்ளே மணல் ஒட்டியிருந்தால் அச்சு அரித்து மணல் விழுந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இலையில் இருப்பது வாயு, கழுத்தில் இருப்பது சுருக்கம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வாயு எங்கிருந்து வருகிறது? கடல் மணலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு கரண்டி மணலில் எலுமிச்சம்பழம் பிழிந்து காதருகே வைத்துக் கேளுங்கள். 'சுர்' என்று நுரைத்தால் சிப்பித் தூள் இருக்கிறது என்று அர்த்தம். பித்தளை 1000 டிகிரிக்கு மேல் வந்து விழுகிறது. சிப்பிச் சுண்ணாம்பு அதற்கு முன்பே பிரிந்து கரியமில வாயுவை விடும். அந்த வாயு நேராக உலோகத்துக்குள் போகும். போதாததற்கு உப்பு வேறு. அது ஈரத்தை இழுக்கும், களிமண்ணின் பிடிப்பையும் கெடுக்கும். எத்தனை தடவை கழுவினாலும் சிப்பி போகாது. ஆற்று மணலுக்கு மாறுங்கள். கழுவி, சேறு இறுத்து, இரும்புச் சட்டியில் வறுத்து உலர்த்தினால் போதும்.

கொசுவலை கல் பொறுக்க மட்டும்தான் ஆகும். பின்மணலுக்கு மாவுச் சல்லடை. பேட்டர்னை ஒட்டி வரும் முதல் ஒரு செ.மீ.க்கு மட்டும் மெல்லிய நைலான் துணியில் சலித்த நுண்மணல். பெட்டி முழுக்க நுண்மணலைப் போட்டு அடைத்தால் எழுத்து அழகாக வரும், ஆனால் ஆவி வெளியேற வழியில்லாமல் துளை இன்னும் கூடும்.

கலவை அளவு: உலர்ந்த மணல் 10 கிலோ, பென்டோனைட் பொடி 900 கிராம், தண்ணீர் 350 முதல் 400 கிராம். போர்வெல் போடுகிறவர்கள் பயன்படுத்தும் பென்டோனைட் கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் துவாந்தேப் பானைக்களிமண் மாதிரி நல்ல பசைக் களிமண்ணைக் காயவைத்து இடித்துச் சலித்து 1.5 கிலோ போடுங்கள். தண்ணீர் 600 கிராம் வரை இழுக்கும். தண்ணீர் கூடினால் ஆவியும் கூடும், அதனால்தான் பென்டோனைட்டைத் தேடச் சொல்கிறேன். களிமண்ணைக் கரைத்து ஊற்றுவதை விட்டுவிடுங்கள். மணலையும் பொடியையும் உலர்வாகவே ஐந்து நிமிடம் கலந்து, ஸ்பிரேயரில் தண்ணீரைத் தூவி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசைய வேண்டும். மூடிபோட்ட வாளியில் ஓர் இரவு வைத்தால் ஈரம் எல்லாப் பரலுக்கும் சீராகப் பரவும். காலையில் மறுபடி சலித்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.

பதம் புட்டு மாவு மாதிரி. பிடித்தால் பிடி நிற்க வேண்டும், ரேகை பதிய வேண்டும், கை நனையக்கூடாது. பிடித்த கட்டியை நடுவில் ஒடித்தால் விளிம்பு உதிராமல் 'பளிச்' என்று ஒடிய வேண்டும். மோல்மேன் மழையில் கைப்பதத்தை மட்டும் நம்பவேண்டாம். 100 கிராம் மணலை எடுத்து வாணலியில் ஆவி நிற்கும்வரை வறுத்து ஆறவிட்டு மறுபடி நிறுங்கள். 96 கிராம் வந்தால் ஈரம் நாலு சதவீதம், சரி. 94 வந்தால் அந்த மணலில் அச்சு எடுக்காதீர்கள், பரப்பி ஆறவிடுங்கள். பானைக்களிமண் கலந்த மணலானால் ஈரம் ஒன்றரை சதவீதம் வரை கூட இருக்கலாம். பெட்டி கட்டும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்தாக வேண்டும்.

பிரிகோட்டில் தகடு வருவது மேல்பெட்டி மிதப்பதால். கணக்கைப் பாருங்கள். வேல், ரன்னர் (உலோகம் ஓடும் வாய்க்கால்) எல்லாம் சேர்ந்து பிரிகோட்டில் சுமார் 70 சதுர செ.மீ. ஊற்றுவாயின் விளிம்புவரை உயரம் 9.5 செ.மீ. பித்தளையின் அடர்த்தி 8.5. மூன்றையும் பெருக்கினால் 5.6 கிலோ. இவ்வளவு விசை மேல்பெட்டியைத் தூக்கப் பார்க்கிறது. உங்கள் பெட்டியில் மணல் ஆறரை கிலோபோல இருக்கும், அது மயிரிழைதான். மொத்த எடை தூக்கும் விசைக்கு இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் ஐந்து கிலோ இரும்பை மேலே ஏற்றுங்கள். செங்கல் வைப்பதானால் காய்ந்த செங்கல்.

ரங்கூன்_பேட்டர்ன்:

மணல் விஷயத்தை அண்ணன் சொல்லிட்டாங்க. நான் வடிவத்தைப் பத்திச் சொல்றேன். ஏன்னா, கழுத்துக் குழியும் முனையும் மணலால வர்றதில்லை.

உங்க வேல்ல 2 மி.மீ. ஓரமும் 18 மி.மீ. தண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. இலை முதல்ல இறுகிடும். தண்டு கடைசிவரைக்கும் திரவமா இருந்து, சுருங்கும்போது இழுக்கிறதுக்கு உலோகம் கிடைக்காம கழுத்துல குழி விழும். இதுக்கு ரைசர், அதாவது இறுகும்போது வார்ப்புக்கு உலோகம் கொடுக்கிற தூண், வைக்கிறது ஒரு வழி. ஆனா 18 மி.மீ. உருண்டைக்குப் பால் கொடுக்கணும்னா ரைசர் கிட்டத்தட்ட 30 மி.மீ. விட்டம், 6 செ.மீ. உயரம் வேணும். அந்த ரைசர் மட்டுமே 360 கிராம், வேலே 330 கிராம்தான்! வேலுக்குப் போறதைவிட அதிக உலோகம் ரைசருக்குப் போயிடும்.

எப்படியும் கோல் செருகத் துளை வேணும்னு சொல்றீங்க. அப்ப தண்டை ஏன் கெட்டியா வார்க்கணும்? துளை வர்ற இடத்துல கோர் (சுட்ட மணல் உருளை) வச்சிடுங்க. 10 மி.மீ. விட்டத்துல 7 செ.மீ. ஆழத்துக்குக் கோர் வச்சா தண்டுச் சுவர் 4 மி.மீ. ஆயிடும். இலையோட தடிமனும் அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணு. குழி விழக் காரணமே போச்சு. கழுத்துல மிஞ்சுற கட்டிக்கு மட்டும் 20 மி.மீ. விட்டத்துல ஒரு சின்ன ரைசர் போதும். டிரில் வேலையும் மிச்சம்.

கோர் செய்முறை: நுண்மணல் 500 கிராம், பனைவெல்லம் 20 கிராமை அதே அளவு வெந்நீர்ல கரைச்சது, கோதுமை மாவு 8 கிராம். உள்விட்டம் 10 மி.மீ. இருக்கிற பிளாஸ்டிக் குழாயை நீளவாக்குல பிளந்து, சேர்த்துக் கட்டி, நடுவுல ஒரு சைக்கிள் கம்பியை நிறுத்தி, சுத்திலும் மணலைக் குத்தி நிரப்புங்க. கம்பியைத் திருகி உருவினா அந்தத் துளைதான் வாயு போற வழி. குழாயைப் பிரிச்சு, கோரை மணல் படுக்கைமேல கிடத்தி, 180–200 டிகிரியில ஒரு மணி நேரம் சுடுங்க. நல்ல காப்பிக்கொட்டை நிறம் வரணும். வெளிறியிருந்தா உலோகம் பட்டதும் புகையும், கறுத்துட்டா தொட்டா உதிரும். வெல்லக் கோர் மழைக்காலத்துல ரெண்டு மணி நேரத்துல ஈரம் குடிச்சிடும். அதனால சுட்ட சூட்டோட வைக்கணும், இல்லன்னா வைக்கிறதுக்கு முன்னாடி திரும்பச் சூடாக்கணும்.

கோர் ஒரு பக்கம்தான் தாங்கி நிக்கப்போகுது. உள்ள 7 செ.மீ. நீட்டணும்னா வெளியில தாங்குற பிரின்ட்டும் 7 செ.மீ. வேணும், மொத்தக் கோர் 14 செ.மீ. பித்தளையில மணல் மிதக்கும். இந்த அளவுக்கு 40 கிராம் விசை மேல தூக்கும். பிரின்ட் குட்டையா இருந்தா நுனி மேல எழும்பிச் சுவர் ஒரு பக்கம் ஓட்டையாயிடும். வேல் 18, பிரின்ட் 7, ஆக 25. உங்க 30 செ.மீ. பெட்டிக்குள்ள அடங்கும். பிரின்ட் முடியிற இடத்துலருந்து பெட்டிக்கு வெளிய வரைக்கும் ஒரு கோடு கீறி விடுங்க. இல்லன்னா கோர் வாயு வெளிய போக வழியில்லாம உலோகத்துக்குள்ளயே குமிழி விடும்.

இப்ப முனை. தண்டு அடியிலருந்து ஊத்துனா உலோகம் 18 செ.மீ. பயணம் பண்ணி, ஆறிப்போய்த்தான் முனைக்குப் போகுது. ஊற்றுக்குழியைப் பக்கவாட்டுக்கு மாத்துங்க: மேல 18 மி.மீ., கீழ 11 மி.மீ. சரிவு. அதுலருந்து வேலுக்கு இணையா 12×8 மி.மீ. ரன்னர். ரன்னர்லருந்து வேலுக்குள்ள ரெண்டு கேட் (வாசல்), ஒண்ணு இலையோட அகலமான இடத்துல 15×3, இன்னொண்ணு கழுத்துல. ரன்னர் கடைசி கேட்டைத் தாண்டி ரெண்டு செ.மீ. ஓடட்டும், முதல் கசடு அங்க போய் நிக்கும். வேல் முனையிலருந்து 2 மி.மீ. ஓடை வெட்டி, 6 மி.மீ. செங்குத்துத் துளையில மேல கொண்டுவந்துடுங்க. காத்தும் வெளிய வரும், குளிர்ந்த முதல் உலோகமும் முனையில தங்காம அதுக்குள்ள போயிடும். ஓரத்தை 2 மி.மீ.ல விடாதீங்க. 3 வச்சு வார்த்துட்டு அரத்தால ராவிக் கூர்மையாக்கிக்கலாம்.

பேட்டர்ன்: பித்தளை 1.5 சதவீதம் சுருங்கும். 180 மி.மீ. வேணும்னா பேட்டர்ன் 182.7. செங்குத்தா நிக்கிற பக்கத்துக்கெல்லாம் 2 டிகிரி சரிவு. இலையும் தண்டும் சேர்ற உள்மூலையில மெழுகு வச்சு 3 மி.மீ. உருட்டிடுங்க. கூர்மூலையா விட்டா இறுகும்போது அங்கதான் விரிசல் விடும். 'ஓம்' எழுத்து 1.2 மி.மீ. உயரம், கோட்டு அகலம் 2 மி.மீ.க்குக் குறையாம, ரெண்டு பக்கமும் சரிவா செதுக்கணும். நேர்ச்சுவரா செதுக்கினா பேட்டர்னை எடுக்கும்போது மணலும் கூடவே வந்துடும், எழுத்து கரைஞ்ச மாதிரி தெரியுறது அதனாலதான். மூணு கோட்டு ஷெல்லாக், தேய்ச்சு வழவழப்பாக்கி, டால்கம் பவுடரைத் துணியில முடிஞ்சு தட்டுங்க.

பின்னாடி மயில், தோகைன்னு ஆசை வந்தா மணல் சரிப்படாது. அதுக்கு மண்டலேயில வெண்கலச் சிலை வார்க்கிற தம்பாவதிக்காரங்க மாதிரி மெழுகு அச்சுக்குப் போறதுதான் முறை.

மோல்மேன்_கைவினை:

மிக்க நன்றி அண்ணே, நன்றி பேட்டர்ன் அண்ணே. எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நன்றாகவே நுரைக்கிறது. ஆற்று மணலுக்கு மாறுகிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். உருக்கும்போது வெள்ளைப் புகை எழும்பிச் சுற்றிலும் பஞ்சுபோல் விழுகிறது, அது ஆபத்தா? உருகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் என்ன செய்வது? வார்ப்பது வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில்.

தட்டோன்_மூசை:

சிமெண்டுத் தரை என்று படித்ததும் எழுத வந்தேன். சிமெண்டுக்குள் எப்போதும் தண்ணீர் உண்டு. உருகிய பித்தளை சிந்தினால் உள்ளே ஆவியாகித் தரை வெடித்துச் சில்லும் உலோகமும் முகத்துக்குத் தெறிக்கும். உலையிலிருந்து பெட்டிவரை நடக்கும் வழி முழுக்க 7 செ.மீ. உலர்மணல் பரப்புங்கள். தகரக் கூரையில் எங்கே சொட்டுகிறது என்று மழை பெய்யும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு மூசைக்குள் விழுந்தால் மூசையில் இருப்பது மூசையில் இருக்காது. லுங்கியும் செருப்பும் வார்ப்புக்கு ஆகாது. லுங்கி மடிப்பில் ஒரு துளி மாட்டினால் உதற வழியில்லை. தடித்த பருத்திக் கால்சட்டை, அதன் விளிம்பு பூட்ஸுக்கு வெளியே தொங்கவேண்டும். தோல் கையுறை, முகக் கவசம். மூசையைத் தூக்க வளையக் குறடு, சாதாரண இடுக்கி வேண்டாம்.

வெள்ளைப் புகை துத்தநாகம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும், பித்தளை உருகுவதும் அதன் பக்கத்தில்தான். அந்தப் புகையை இழுத்தால் நாலிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் குளிர்காய்ச்சல், உடம்புவலி, வாயில் உலோகச் சுவை. ஓரிரு நாளில் தணியும், ஆனால் அதை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். புகை கொட்டுகிறதென்றால் சூடு மிஞ்சிவிட்டது என்றும் பொருள். மூசை வாயில் ஒரு செ.மீ. கரித்தூளோ உடைத்த பாட்டில் கண்ணாடியோ போட்டு மூடினால் இழப்பு குறையும். ஊற்றும் சூடு 1020–1060. மீட்டர் இல்லையென்றால், முன்பே சூடாக்கிய இரும்புக் கம்பியை முக்கி எடுங்கள். உலோகம் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை, சுத்தமாக வந்தால் ஊற்றலாம். அதற்குமேல் உலையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வாயுவும் இழப்பும்தான். கிலோவுக்குப் 12 கிராம் துத்தநாகத்தைச் சூடாக்கி, ஊற்றும் முன் குறடால் அடியில் அமுக்கினால் போனது ஈடாகும்.

நீங்கள் கேட்காத ஒன்று. குழாய்ப் பித்தளையில் லேத் வேலைக்காகக் காரீயம் சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதம். இது வேல். இதற்குப் பாலபிஷேகம் நடக்கும், அந்தப் பாலைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். குழாய்ப் பித்தளையை விட்டுவிட்டு நசுங்கிய பித்தளைக் குடம், தவலை, சொம்பு வாங்கி வெட்டிப் போடுங்கள். தகட்டை அடித்து வளைத்துச் செய்யும் பாத்திரத்துக்குக் காரீயம் கூடிய பித்தளை ஒத்துவராது, விரிசல் விடும். அதனால் அதில் காரீயம் குறைவாகவே இருக்கும். கலாய் பூசியது, பற்றவைப்பு ஒட்டு உள்ளது இரண்டையும் ஒதுக்குங்கள். மொத்தம் 900 கிராம் உருக்கினால் கோர் வைத்த வேல், ரன்னர், ஊற்றுவாய் எல்லாவற்றுக்கும் போதும். துண்டுகளை மூசைக்குள் இறுக்கித் திணிக்காதீர்கள், சூட்டில் விரிந்து மூசையைப் பிளக்கும்.

மூசை மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். உலையின் ஓரத்தில் வெறும் மூசையை அரைமணி நேரம் மெல்லச் சூடேற்றிய பிறகே கரிக்குள் இறக்குங்கள். கரியும் அப்படித்தான், ஈரக் கரி சூட்டையும் தின்னும், உலோகத்துக்கு ஹைட்ரஜனையும் கொடுக்கும். இந்த அளவுக்கு இரண்டு விசை (பர்மிய எடை) கரி கையிருப்பு இருக்கட்டும், அதாவது 3.3 கிலோ.

ஹேர் டிரையரை நேரே வைத்தால் உருகிவிடும். நடுவில் 40 செ.மீ. இரும்புக் குழாய் வையுங்கள். கரண்டை நம்பாமல் 12 வோல்ட் கார் பிளோயரும் பேட்டரியும் வைத்துக்கொள்வது உத்தமம். அப்படியும் காற்று நின்றுபோனால், மூசைக்குள் உலோகத்தை உறையவிடாதீர்கள். மறுபடி சூடாக்கும்போது உறைந்த கட்டி முதலில் விரிந்து மூசையை உடைக்கும். உலர்ந்த ஆங்கிள் இரும்பைச் சூடாக்கிப் பக்கத்தில் தயாராக வைத்து, அதில் கட்டியாக ஊற்றிவிடுங்கள்.

பகோ_உலை:

தட்டோன் ஐயா சொன்னதில் ஒன்றுகூட விடக்கூடாது. அச்சைப் பற்றி என் பங்குக்கு ஒன்று மட்டும். பேட்டர்னை எடுத்தபின் அச்சின் முகத்தைக் கரித் தணலால் ஐந்து நிமிடம் வாட்டினால் இந்த மழைக்கு நல்லது, நிறம் வெளிறுவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் வாட்டியபின் அரைமணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும், பின்மணலிலிருந்து ஈரம் திரும்ப முகத்துக்கு வரும். அதனால் மூசை தயாராகும் நேரம் பார்த்து வாட்டுங்கள். சைக்கிள் கம்பியால் மேல்பெட்டியில் காற்றுத்துளை குத்தும்போது பேட்டர்னுக்கு ஒரு செ.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள்.

ஊற்ற ஆரம்பித்தால் ஊற்றுவாய் நிறைந்தபடியே இருக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் இலையில் கோடு விழும். சிவப்பு மறையும்வரை பெட்டியைத் தட்டாதீர்கள், சூட்டில் பித்தளை நொறுங்கும். அரைமணி நேரம் விட்டுத் தட்டும்போது முகத்தில் நல்ல மாஸ்க் இருக்கட்டும், அந்த மணல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலோடு ஒட்டிக் கறுத்துப்போன மணலை மட்டும் சுரண்டிக் கொட்டிவிட்டு, மீதிக்குக் கிலோவுக்குப் பத்து கிராம் பென்டோனைட் சேர்த்து, ஈரம் பார்த்து, வாளியில் மூடிவையுங்கள். அடுத்த வார்ப்புக்கு அதே மணல் ஆகும்.